கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்த ஆறு வகை சிறுதானியச் சிப்ஸ்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் ஆறு எவர்சில்வர் தட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினேன். ராகி தக்காளி, கம்பு புதினா, சோளம் மிளகு, தினை கறிவேப்பிலை, பல தானியம் பெரி பெரி, பல தானியம் சீஸ். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து மதுரையில் எந்தக் கடைக்குப் போனாலும் இந்த வகைப் பாக்கெட்டுகள் தனி அடுக்காக நிற்கின்றன. டியூஷன் முடிந்து வரும் மகனுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பதிலாக இரண்டு மாதமாக இதைத்தான் வாங்குகிறேன். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தக் காசுக்குத் தானியம் தின்கிறோமா, மேலே தூவிய மசாலாவைத் தின்கிறோமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் என்பதால் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டேன். ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் உப்பில்லாத மோர் ஒரு மடக்கு. என்ன தானியம், பத்துக்கு எத்தனை மார்க் என்று இரண்டே கேள்வி. வீட்டுக்காரர், மகன், மகள், அத்தை. அத்தைக்கு மட்டும் துண்டு கட்டவில்லை, தாமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவர். சோளமும் கம்பும் அவருக்குச் சிறுவயதுச் சாப்பாடு. ராகி தக்காளியை வாயில் போட்டு மெல்ல அரைத்தார். "இது கேப்பை இல்ல தாயி. அரிசிமாவுதான் நாக்குல நிக்குது" என்றார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். அரிசி மாவு, மக்காச்சோள மாவு, எண்ணெய், அதற்குப் பிறகு நான்காவதாகத்தான் ராகி! முன்பக்கத்தில் ராகிக் கதிர்ப் படம் பாதிப் பாக்கெட்டை அடைத்திருக்கிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ராகியை மட்டும் வைத்து மெல்லிய சிப்ஸ் செய்வது லேசில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ராகியில் கிடையாது, மாவு ஒட்டிப் பிடிக்காது. போன தீபாவளிக்கு வீட்டில் ராகித் தட்டை தட்டினேன். முதல் ஈடு எண்ணெயில் போட்டதும் உதிர்ந்தது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, ஒரு கை பொட்டுக்கடலை மாவு சேர்த்த பிறகுதான் நின்றது. ஆக, வேறு மாவு சேர்ப்பதில் தப்பில்லை. நாலாவது இடத்தில் இருப்பதை முதல் பெயராகப் போடுவதுதான் தப்பு.

கம்பு புதினாவை அத்தை பாதியிலேயே கீழே வைத்தார். "சிக்கு வாடை அடிக்குது." தேதி தாண்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது. புதினாவின் காரம் அந்த வாடையை எங்கள் நாக்குக்கு மறைத்துவிட்டது, அவருக்கு மறைக்கவில்லை. கம்பில் கொழுப்பு கூடுதல். மாவானதும் சீக்கிரம் காறிப்போகும். அவர்கள் வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே இடிப்பார்களாம். அந்தத் தட்டை அப்படியே எடுத்துவிட்டேன்.

பெரி பெரியும் சீஸும் யாருக்கும் என்ன தானியம் என்று தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒன்பது போட்டார்கள். சீஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம். இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும்: 2 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகன் தனியாளாக 100 கிராம் காலி செய்யக்கூடியவன்.

தினை நன்றாக இருந்தது, வாசம் மட்டும் முழுக்கக் கறிவேப்பிலை. தினையில் இன்னொரு சங்கதி உண்டு. ராகியின் தோல் தானியத்தோடு இறுக ஒட்டியிருக்கும், அதனால் பெரும்பாலும் தோலோடுதான் அரைபடும். தினை, சாமை, வரகுக்கு உமியை நீக்கியாக வேண்டும். அதோடு நிறுத்தாமல் பளபளப்பாகத் தீட்டிவிட்டால் தவிடும் போய்விடும். அதனால் தினை என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் முழு தானியம் என்று நம்பிவிட முடியாது.

சோளம் மிளகு கடைசியாக வந்தது. கொஞ்சம் தடிமன், ஓரம் கரகரப்பு, மிளகும் உப்பும் தவிர ஒன்றுமில்லை. சேர்மானத்தில் முதலில் சோளம்தான். மென்று முடிக்கும்போது சோள தோசை ஓரத்தில் வரும் அந்த இலேசான இனிப்பு வந்தது. அத்தை கண்ணைத் திறக்காமலே "சோளம்" என்றார். மறுபடி கையை நீட்டினார். மகளும் சரியாகச் சொன்னாள், எட்டு மார்க் போட்டாள். வீட்டுக்காரர் பத்து. மகன் ஆறுதான் போட்டான், ஆனால் பேசிக்கொண்டே அந்தத் தட்டைக் காலி செய்தது அவன்தான்.

அடுத்த மாத மளிகைச் சீட்டில் சோளம் மிளகு நான்கு, தினை ஒன்று எழுதியிருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சீஸ், அதுவும் சின்னப் பாக்கெட் என்று மகனோடு பேசி முடித்தாயிற்று. கம்பு வேண்டாம் என்று அடித்திருந்தேன். அத்தை பார்த்துவிட்டு, பாக்கெட் வேண்டாம், முழுக் கம்பு அரைக் கிலோ வாங்கு என்றார்.