பைப்லைனை கண்ணால பாத்துக்கிட்டே கட்டலாம்

சர்வரோட லாக் ஃபைல்ல (யார் யார் வந்தாங்கன்னு பதிவாகற ஃபைல்) எந்த ஐபி அட்ரஸ் அதிகமா வருதுன்னு பாக்க ஆக் (awk, வரியில வேணுங்கற பகுதியை எடுக்க), சார்ட் (sort, வரிசைப்படுத்த), யூனிக் (uniq, ஒரே மாதிரி வரிகளை ஒண்ணாக்க)னு ஒண்ணொண்ணா பைப் போட்டு (ஒரு கமாண்டோட ரிசல்ட்டை அடுத்ததுக்கு அனுப்பற | குறி, இந்த சங்கிலிதான் பைப்லைன்), ஒவ்வொரு தடவையும் என்டர் அடிச்சு, தப்புன்னா மேல் ஆரோ அழுத்தி திரும்ப திருத்தி... ரொம்ப நாள் இப்படித்தான் ஓட்டிட்டு இருந்தேன். இப்ப இசட் ஷெல்ல (zsh, டெர்மினல்ல நாம அடிக்கற கமாண்டை ஓட்டற ப்ரோக்ராம்) எஃப்இசட்எஃப்-ஐ (fzf, டைப் பண்ண பண்ண லிஸ்ட்ல தேடித் தர்ற டூல்) வச்சு ஒரு குட்டி ப்ளகின் எழுதிக்கிட்டேன், டைப் பண்ண பண்ண கீழயே ரிசல்ட் மாறுது, அவ்ளோ நல்லா இருக்கு!

எஃப்இசட்எஃப் போடுறது ஈஸி. கிட் (git) வச்சு அதோட கோடை க்ளோன் பண்ணி, அதாவது நம்ம மெஷினுக்கு நகலெடுத்து, உள்ள இருக்கற இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட்டை ஓட்டினா மூணு கேள்வி கேக்கும், எல்லாத்துக்கும் எஸ் குடுத்துட்டு புது டெர்மினல் திறந்தா போதும்.

என் ப்ளகின் பண்றது இதுதான்: கமாண்ட் லைன்ல இருக்கறதை ஒரே ஒரு தடவை ஓட்டி டெம்ப் ஃபைல்ல வச்சுக்கும், அப்புறம் நான் அடிக்கறதெல்லாம் அந்த ஃபைல் மேலதான் ஓடும். பெரிய லாக்கை ஒவ்வொரு எழுத்துக்கும் முதல்லேர்ந்து படிச்சா மெஷின் திணறிடும். எஃப்இசட்எஃப்-ஓட தேடுற வேலையை டிசேபிள்ட் (--disabled) ஆப்ஷன் போட்டு நிறுத்திட்டேன், டைப் பண்ற வரி ரிசல்ட்டைக் காட்டற ப்ரிவ்யூக்கு மட்டும் போகுது.

ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன். நாம அடிக்கற வரியை எஃப்இசட்எஃப் கோட்ஸ் போட்டு ஒரே சொல்லாத்தான் குடுக்குது, அதனால ஷெல் மொத்த வரியையும் ஒரு கமாண்ட் பேருன்னு நினைச்சு 'இப்படி ஒண்ணு இல்ல'ன்னுடுச்சு, முன்னாடி இவால் (eval, குடுத்த எழுத்தை கமாண்டா எடுத்து ஓட்டறது) சேத்ததும் சரியாச்சு. இன்னொண்ணு, பொருந்தற வரி எதுவும் இல்லாததால என்டர் அடிச்சாலும் எக்ஸிட் கோட் (ஒரு ப்ரோக்ராம் எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ற எண்) 1 வரும், அதை எர்ரர்னு எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டா எழுதினது மொத்தமும் போயிடும். எஸ்கேப் அடிச்சா வர்ற 130 வந்தா மட்டும் கேன்சல்னு வச்சுக்கங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, யூனிக்குக்கு முன்னாடி சார்ட் ஏன் வேணும்னு கண்ணு முன்னாடியே தெரியறது. சார்ட்டை எடுத்துட்டா அதே ஐபி பத்து எடத்துல தனித்தனியா நிக்கும், ஏன்னா யூனிக் பக்கத்து பக்கத்து வரியை மட்டும்தான் ஒப்பிடும்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, ஆர்எம் (rm, ஃபைலை அழிக்கறது), டீ (tee, ஃபைல்ல எழுதறது), எக்ஸ்ஆர்க்ஸ் (xargs, வேற கமாண்டை ஓட்ட வைக்கறது) மாதிரி எதையாவது மாத்தக்கூடிய கமாண்டை இதுக்குள்ள அடிக்கவே அடிக்காதீங்க, ஃபைல் பேரை பாதி அடிக்கும்போதே அது ஓடிடும். நான் ப்ரிவ்யூல வடிகட்டற வேலையை மட்டும் முடிச்சுட்டு வெளிய வந்து, கடைசி பைப்பை கையாலதான் சேக்கறேன்.