பம்ப் அடிக்கிற சத்தம் கேக்குதோ?

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலிஸ் கார் வைத்திருப்பவன் நினைத்த நேரத்துக்கு ஓரிடம் போய்ச் சேர முடியாது. பெற்றோல் அடிக்க நிறுத்தினால் ஒருவர் வந்து பொனற்றைத் தட்டிப் பார்ப்பார். "எங்கட ஐயாவும் ஒண்டு வச்சிருந்தவர்" என்று தொடங்கி, அதை எந்த விசரில் விற்றார்கள் என்பதில் முடிப்பார். சந்தைக்கு வெளியே நிறுத்தினால் இன்னொருவர் குனிந்து சில்லைப் பார்த்துவிட்டு, "உது ஒறிஜினல் இல்லையே தம்பி" என்பார். அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இவர்களை எல்லாம் சிரித்துச் சமாளிக்கலாம். என் காருக்கு ரொறொன்ரோவில் ஒரு பெரியப்பா இருக்கிறார், அவரைத்தான் சமாளிக்க முடியாது.

கார் உண்மையில் அவருடையதுதான். 1958ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. 80களில் கனடாவுக்குப் போகும்போது சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. இடையில் அந்தக் கார் பட்ட பாடு கொஞ்சமல்ல. 90களில் யுத்தம், பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணில் கிடையாது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஊரெல்லாம் புகை பரப்பிக்கொண்டு ஓடியது. 95 இடப்பெயர்வில் அப்பம்மா, தையல் மெஷின், ஓர் ஆடு மூன்றையும் ஏற்றிக்கொண்டு சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் தாண்டியது. பின்சீற்றில் ஆடு கடித்த இடம் நான் உறை மாற்றும்வரை அப்படியே இருந்தது.

பெரியப்பாவின் கட்டளை ஒன்றே ஒன்று: எதையும் மாற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் வரும். நான் சுகமா என்று கேட்பதற்கு முன் கார் சுகமா என்று கேட்பார். அப்புறம் பிரசங்கம். இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியையும் அவர்தான் வரைந்தார். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு முன்னர், செய்து வைத்த மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதை நெடுக்காகப் பிளக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலத்தைக் கூட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் அந்த மேட்டுப் பட்டை அதனால் வந்ததுதான். அதற்குள் பம்பர்கள் அடித்து முடிந்துவிட்டதால் ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்தார்கள். இதை அவர் ஒவ்வொரு கோலிலும் சொல்வார். கொம்பனிக்கு முதலாளியான நஃபீல்ட் பிரபு இந்தக் காரைப் பார்த்துத் தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று நக்கலடித்த கதையை மட்டும் சொல்லமாட்டார். ஒருமுறை நான் சொன்னேன். கொஞ்ச நாள் கோல் வரவில்லை.

பிறக்கும்போதே வெட்டி ஒட்டிய காரில் ஒன்றையும் மாற்றக் கூடாதென்றால் அது என்ன நியாயம்? இதை நான் பெரியப்பாவிடம் கேட்கவில்லை. கராஜ் ஐயாவிடம் கேட்டேன். "கொண்டு வாரும்" என்றார்.

மாற்றாமல் ஓட முடியாது என்பதுதான் உண்மை. டைனமோ என்ற சாமான் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றறிக்குச் சார்ஜ் போடாது. இரவில் சன நெரிசலில் ஊர்ந்தால் ஹெட்லைற் மெல்ல மெல்ல மங்கும். பற்றறியின் பொசிற்றிவ் முனையைக் காரின் பொடியோடு பூட்டியிருப்பதால் இந்தக் காலத்து றேடியோ ஒன்றைப் பூட்டப் போனாலே புகை வரும். திரும்பும்போது கதவுத் தூணுக்குள் இருந்து செம்மஞ்சள் கை ஒன்று நீளும். பின்னால் வரும் பெடியங்கள் அது என்ன அதிசயமென்று பார்க்க இன்னும் கிட்ட வருவார்கள். பிறேக் ஒயில் ஊற்றும் இடத்தை ட்றைவரின் காலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். காப்பெற்றைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, தலைகீழாகக் குனிந்து ஊற்ற வேண்டும். ஐயா ஒவ்வொரு முறையும் குனியும்போது இசிகோனிஸின் தாயை விசாரிப்பார்.

ஆகவே ஒவ்வொன்றாக நடந்தது. டைனமோ போய், மெதுவாக ஓடினாலும் சார்ஜ் போடும் ஓல்ரனேற்றர் வந்தது. பற்றறியைத் திருப்பி நெகற்றிவ்வைப் பொடிக்குக் கொடுத்தோம். டாஷ்போட்டுக்குக் கீழே, குனிந்தால் ஒழியத் தெரியாத இடத்தில், புளூரூத் றேடியோ. முன்சில்லுகளுக்குப் பழைய ட்றம் பிறேக்குக்குப் பதில் டிஸ்க் பிறேக். இங்கிலாந்தில் அதற்கென்றே கிட் விற்கிறார்கள். லண்டன் மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அந்தமுறை எங்கள் வீட்டில் யாருக்கும் சொக்லேற் கிடைக்கவில்லை.

பெற்றோல் பம்ப் கடைசியாகப் போனது. மைனரில் எஞ்சினுக்குப் பெற்றோலை இழுத்துக் கொடுப்பது எஸ்யூ கொம்பனியின் மின்சார பம்ப். சுவிச்சைப் போட்டதும் பல்லி சொல்வதுபோல 'ரிக் ரிக் ரிக்' என்று வேகமாக அடிக்கும், காபரேற்றர் நிறைந்ததும் வேகம் குறைந்து நின்றுவிடும். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் பொயின்ற் தேய்ந்தால் சத்தமே வராது, காரும் அசையாது. அதற்கு உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான்: பொனற்றைத் திறந்து பம்புக்கு ஸ்பானரால் ஒன்று போடுவது. நடுச்சந்தியில் இறங்கி அடித்து அடித்து எனக்குக் கை சலித்துவிட்டது. பழையதைக் கழற்றி பிஸ்கற் ரின்னுக்குள் போட்டுவிட்டு, அதே இடத்தில் இந்தக் காலத்து எலெக்ட்ரோனிக் பம்ப் ஒன்றைப் பூட்டினோம். அது 'ம்ம்ம்' என்று முனகும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா, "பொனற்றைத் திற, பாப்பம்" என்றார். ஓல்ரனேற்றரைப் பழைய துணியால் மூடி வைத்திருந்தேன். (டைனமோ மாதிரியே உறை போட்ட ஓல்ரனேற்றரும் இங்கிலாந்தில் விற்கிறது. அங்கேயும் பெரியப்பாமார் இருக்கிறார்கள் போல. விலையைப் பார்த்தபிறகு எனக்குத் துணியே போதும் என்று பட்டது.)

"சரி. சுவிச்சைப் போடு. பம்ப் அடிக்கிற சத்தம் கேக்குதோ பாப்பம்."

போட்டேன். 'ம்ம்ம்.'

"என்னடா, ஒண்டும் கேக்கேல்லை?"

பின்சீற்றில் என் தங்கச்சியின் மகன் இருந்தான். பல்லி மாதிரி நாக்கடிப்பதில் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, நான் சொல்லாமலேயே தொடங்கிவிட்டான். 'ரிக் ரிக் ரிக் ரிக்.' பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. அவருக்குப் பின்னால் குசினியில் இருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "எந்தப் பக்கம் பல்லி சொல்லுது?"

மருமகனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பாராட்டுக் கிடைத்த உற்சாகத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். மலர்ந்த முகம் சுருங்கியது. "நிப்பாட்டு! நிப்பாட்டடா! உவ்வளவு நேரம் அடிக்கக் கூடாது. எங்கயோ பெற்றோல் ஒழுகுது!" பம்பைத் தெரிந்த மனிதர் அல்லவா. நான் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பம்பின் தொடையில் கிள்ளினேன். சத்தம் நின்றது. "ஆ, இப்ப சரி. நீடில் வால்வில ஊத்தை இருந்திருக்கும்" என்று நோயையும் அவரே கண்டுபிடித்து முடித்தார்.

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். அவர் வருவதற்கு முன் பழைய பம்பைத் திரும்பப் பூட்டிவிடுவதாகத்தான் ஏற்பாடு. கராஜ் ஐயாவும் திருவிழா என்று கடையைப் பூட்டிவிட்டார். கட்டுநாயக்காவில் இறங்கி இரவோடு இரவாக வானில் வந்து சேர்ந்த பெரியப்பா நித்திரை வராமல், விடியப்புறம் நாங்கள் எழும்ப முதலே சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் ஏறியிருக்கிறார்.

நான் வெளியே ஓடி வரும்போது பொனற் திறந்திருந்தது. சறமும் பெனியனுமாக அவர் சீற்றுக்கு அடியில் இருந்த ஸ்பானரை எடுத்தாகிவிட்டது. "பம்ப் நிண்டிட்டுதடா" என்று சொல்லிக்கொண்டே, விளக்கும் இல்லாமல், அந்த மூலையில் கை பழகிய இடத்தில் ஓங்கி ஒன்று போட்டார். 'ம்ம்ம்' என்ற முனகல் 'ம்' என்று முடிந்தது.

ரோர்ச் லைற்றில் பார்த்தோம். வயர் பூட்டும் ரேமினல் முறிந்து தொங்கியது.

"உதென்னடா இது?"

"அது... பழசு திருத்தக் குடுத்த நேரம்... தற்காலிகமா..."

"பாத்தியே புதுச் சாமானின்ர லட்சணத்தை? ஒரு அடி தாங்கேல்லை. எஸ்யூ பம்பை அறுபது வருஷமா அடிக்கிறாங்கள்."

இதற்கு என்ன பதில் சொல்வது. பிஸ்கற் ரின்னை எடுத்து வந்தேன். அவர் திண்ணையில் இருந்து பம்பின் மூடியைக் கழற்றி, அரத்தாள் துண்டொன்றை மடித்துப் பொயின்றுகளுக்கு நடுவில் விட்டு மெதுவாக இழுத்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. எனக்கு வேறு பயம். பற்றறியைத் திருப்பிப் பூட்டியிருக்கிறோமே, பம்ப் எரிந்துவிடுமோ என்று ஐயாவுக்கு ஒளித்து ஒரு கோல் போட்டேன். "டையோட் வச்ச பிந்தின பம்ப் எண்டாத்தான் பயம். உது பழைய சாதி, எப்பிடிக் குடுத்தாலும் அடிக்கும்" என்றார். அப்படியே அடித்தது. வேகமாகத் தொடங்கி, குறைந்து, உரிய இடத்தில் நின்றது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் கேட்பதுபோலக் கேட்டார். மருமகன் மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

காலை பூசை பார்த்துவிட்டுக் கீரிமலைப் பக்கம் ஓர் ஓட்டம் போவோம் என்றார். அவரே ஓடினார். பெரியம்மா முன்சீற்றில், நானும் மருமகனும் பின்னால். வழியில் ஒரு மாடு திடீரென்று குறுக்கே இறங்கியது. பெரியப்பா பிறேக்கில் ஏறி நின்றார். மூக்கு நிலத்தில் முட்டுமாப்போல் கார் குனிந்து, அந்த இடத்திலேயே நின்றது. பெரியம்மாவின் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டு டாஷ்போட்டில் போய் மோதியது. ட்றம் பிறேக்கோடு இருந்திருந்தால் மாட்டுக்காரனுக்கு நட்டஈடு கட்டிக்கொண்டிருந்திருப்போம்.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அகப்பட்டோம் என்று நினைத்தேன்.

"பாத்தியே? 58ஆம் ஆண்டு பிறேக். இங்கிலிஸ்காரன் செய்த வேலை. நீங்கள் உந்த டிஸ்க், கிஸ்க் எண்டு கதைக்கிறியள்."

"ஓம் பெரியப்பா" என்றேன். மருமகன் வாயைத் திறக்கப் போனான், தொடை பத்திரம் என்று கையைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது ரயில் கேற்றில் மறித்துவிட்டார்கள். மத்தியான வெயில். மைனரின் கூரைத் தகடு தோசைக்கல்லாகிவிடும், காத்து வர வேண்டுமென்றால் கார் ஓட வேண்டும். ரயிலைக் காணவில்லை. பெரியப்பா முதலில் சால்வையால் விசிறினார். பிறகு சேர்ட் பொத்தானைக் கழற்றினார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அவரை ஒரு பார்வை பார்த்தார். முப்பது, நாற்பது வருஷக் கனடாக் குளிர் உடம்பில் இருக்கிறது, பாவம்.

"தம்பி."

"சொல்லுங்கோ பெரியப்பா."

"இதுக்கு ஏசி போடேலாதே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. "போடலாம்... ஆனா டைனமோ காணாது. ஓல்ரனேற்றர் வேணும்."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "ஓல்ரனேற்றர் போட்டால் வெளியில தெரியாதுதானே. என்ன விலை வரும்? உந்தக் கராஜ்காரரைக் கேள், காசு நான் தாறன்."

போனை எடுத்து ஐயாவுக்கு அடித்தேன். சத்தம் கேட்கவில்லை என்று பெரியப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, மைனருக்கு ஓல்ரனேற்றர் என்ன விலை வரும்?"

"ஏன் தம்பி? நாங்கள் போட்டது பழுதாப் போச்சே?"

ரயில் வந்தது. மெதுவாகத்தான் போனது. கடைசிப் பெட்டியும் போய், கேற் உயரும்வரை பெரியப்பா வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற ஓட்டோக்காரன் கோர்ன் அடிக்கத் தொடங்கியதும் கியரைப் போட்டார்.

"சரி. அப்ப ஓல்ரனேற்றர் காசு மிச்சம். ஏசிக்கு எவ்வளவெண்டு கேள்."