ஆள் ரெண்டு, தூண்டில் அஞ்சு

"ஆளு ரெண்டு, கை நாலு. தூண்டில் அஞ்சா தம்பி?"

அண்ணாச்சி கேட்டது இவ்வளவுதான். "நடுவுல போறது ரொம்பப் பின்னால தனியா வரும் அண்ணாச்சி, மத்ததோட சேராது" என்றேன். அவர் எஞ்சின் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டார், பேச்சு அங்கே நின்றது. அன்று ஒரு சீலா தப்பிப் போனது. நல்ல கனமான மீன். மீன் போனதைவிட அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. அது சரியான பதில் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியான பதில் என்றால் ஏன் உறுத்த வேண்டும்?

ஓடும் வள்ளத்தின் பின்னால் தூண்டில்களை இழுத்துக்கொண்டே மீன் பிடிக்கிற வேலை இது. ஏன் ஐந்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பைபர் வள்ளத்தின் அகலம் ஐந்தாறு அடிதான். பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் தூண்டில் ராடை நேராகப் பின்னோக்கி, முடிந்தவரை தாழ்வாகச் சாய்த்து வைக்கிறோம். பக்கவாட்டில் இரண்டு ராடுகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆறடி ராடாக இருந்தால் இரண்டு வெளி முனைகளுக்கும் நடுவே பதினைந்து அடியாவது கிடைக்கும். மூங்கில் கட்டி, துணி கிளிப்பில் தங்கூசி எனும் நைலான் இழையை மாட்டி இன்னும் விரிப்பவர்கள் உண்டு. காற்று அடிக்கும் நாளில் சின்ன வள்ளத்துக்கு அந்த மூங்கில் பாரம்தான். மூலை ராடுகளின் லூர், அதாவது பொய் இரை, 15, 20 மீட்டரில் ஓடும். இரண்டையும் ஒரே நீளத்தில் விடக்கூடாது. பக்கத்து ராடுகளுக்கு 30, 35. நடுவில் உயரமான குழாயில் செருகிய ராடு 60 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் போகும்.

கிட்டே ஓடுவது ஆழமாகவும், தூரத்தில் ஓடுவது மேலாகவும் இருக்க வேண்டும். வள்ளம் திரும்பும்போது திருப்பத்தின் உட்பக்கத்துத் தூண்டில்கள் தொய்கின்றன, வெளிப்பக்கத்தில் உள்ளவை வேகமெடுத்துக் குறுக்கே வருகின்றன. நீளமானது குட்டையானதன் மேலாகக் கடந்துபோனால் ஒன்றும் ஆகாது. ஒரே மட்டத்தில் சந்தித்தால் அப்புறம் கத்திதான். அதனால் முன்னால் நாக்கு மாதிரி நீண்ட தகடு வைத்த, ஆழம் போகும் லூர் மூலைக்கு. ராபாலா கம்பெனியின் எக்ஸ்-ராப் மேக்னம் லூரில் 30 என்று இருந்தால் 30 அடி ஆழம் என்று கணக்கு. ஆனால் தங்கூசியின் தடிப்பு, விட்ட நீளம், வேகம் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும், 15 மீட்டர் விட்டு 30 அடியை எதிர்பார்க்க முடியாது. குட்டை நாக்கு லூர் பக்கத்துக்கு. நடுவுக்குப் பாவாடை கட்டிய ரப்பர் கணவாய், மேலாகத் துள்ளிக்கொண்டு வரும்.

இறக்கும் வரிசை: நடு முதலில், பக்கங்கள் அடுத்து, மூலைகள் கடைசி. ஏற்றும்போது இதற்குத் தலைகீழ். மாற்றினால் ஏற்கெனவே ஓடுகிறவற்றின் குறுக்கே புதிய லூரை இழுத்துப் போக வேண்டிவரும். நீளத்துக்குக் கண்மதிப்பு ஆகாது. பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, தங்கூசியின் மேல் மெழுகு நூலை எட்டு பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி நுனியை ஒட்ட நறுக்கியது. விடியுமுன் இருட்டில் ரீலின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு விட்டால், நூல் விரலடியில் 'டுக்' என்று ஏறி இறங்கும். அதை எண்ணினால் போதும், டார்ச் வேண்டாம். விட்ட பிறகு ராடு நுனியைப் பார்க்க வேண்டும். லூர் ஒழுங்காக நீந்தினால் நுனி விடாமல் சின்னதாக அதிரும். அதிர்வு நின்றால் பாசியோ பிளாஸ்டிக்கோ மாட்டியிருக்கிறது, சுற்றிப் பார்த்துவிட வேண்டும். குப்பை மாட்டிய லூரை ஒரு மணி நேரம் இழுக்கும் வள்ளங்கள் எத்தனையோ. டீசல் விலையில் அது பெரிய பாவம்.

கடலடிப் பாறைத் திட்டான பாரின் விளிம்பில், தண்ணீர் தெளிந்து கடல் அடங்கிக் கிடக்கும் காலையில், சீலா எஞ்சின் சத்தத்துக்கும் நுரைக்கும் கிட்டே வரத் தயங்கும். அப்போது கடிப்பது பெரும்பாலும் அந்த 60 மீட்டர் தூண்டில்தான். கச்சான் காற்று கிளம்பி அலை நுரைத்துவிட்டால் கதை மாறும், மூலைகள்தான் பேசும். அன்று கடல் கண்ணாடி. நடுவை விட்டுவிட்டு நான்கோடு போயிருந்தால் அந்த மீன் கடித்தே இருக்காது என்று எனக்குள் ஒரு வாதம் ஓடுகிறது. அண்ணாச்சியின் கேள்வி மீனைக் கடிக்க வைப்பதைப் பற்றியதே அல்ல, கடித்த பிறகு என்ன என்பதைப் பற்றியது. இது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

கை நாலு என்றாரே, உண்மையில் அதுகூட இல்லை. எஞ்சின் பிடிக்கிறவரின் ஒரு கை கைப்பிடியை விடாது. மீன் பிடித்த ராடுக்கு இரண்டு கை. மிச்சம் ஒன்று. ஒற்றைக் கையால் நான்கு ரீல் சுற்ற முடியாது.

நடுத் தூண்டிலில் மீன் அடித்ததும் அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார். நான் ராடைக் குழாயிலிருந்து உருவுவதற்காகக் குறைத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வள்ளம் ஐந்தாறு நாட் வேகத்தில் ஓடும்வரைதான் தூண்டில்கள் வரிசையில் நிற்கும். வேகம் விழுந்ததும் நான்கும் தொய்ந்தன. மிதக்கும் வகை லூர்கள் ஆழத்திலிருந்து மேலே ஏறின. மீன் வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. வலப்பக்கத்து இரண்டும் அதன் பாதையில். நடு ராடில் இருந்தது பிரெய்டு என்கிற பின்னல் கயிறு, மற்றவற்றில் தங்கூசி.

பிரெய்டு ஏன் என்று கேட்கலாம். 60 மீட்டரில் தங்கூசி ரப்பர் போல நீளும். கடித்த வேகம் முள்ளுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். பிரெய்டு நீளாது, முள் நன்றாக ஏறும். தூரத்துத் தூண்டிலுக்கு அது பொருத்தமான தேர்வு, அதை யாரிடமும் வாதாடுவேன். ஆனால் இறுகிய பிரெய்டு தங்கூசியின் மேல் உரசினால் அறுத்துவிடும், ரம்பம் தேவையில்லை. வலது பக்கத்துத் தங்கூசி அப்படித்தான் அறுந்து லூரோடு போனது. அடுத்த கணமே நடு ராடும் நிமிர்ந்தது.

சிக்கியதால் போனது என்று அன்று இருவருமே எடுத்துக்கொண்டோம். கரையில் லூரைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. லூருக்கு முன்னால் கட்டிய முக்கால் முழக் கம்பியில் பல் பட்ட கோடுகள் இருந்தன, அறவில்லை. சுழலி சரி. முடிச்சுகள் சரி. முள்ளின் வளைவுதான் கொஞ்சம் விரிந்திருந்தது. விரிந்த முள் என்றால் இழுவை அதிகம், வெளியேறும் கயிற்றை ரீலில் பிடித்துக்கொள்ளும் டிராக் இறுக்கம் என்று அர்த்தம்.

டிராக்கைக் கரையிலேயே தொங்கு தராசில் இழுத்துத்தான் வைத்திருந்தது. 24 கிலோ தாங்கும் கயிறுக்கு கால் பங்கு, அதாவது 6 கிலோ. இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் 6 கிலோ என்பது ரீல் நிறைந்திருக்கும்போது. கயிறு வெளியே போகப்போக ரீலில் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால் அதே டிராக் இரண்டு மடங்காகப் பிடிக்கும். 60 மீட்டர் ஏற்கெனவே வெளியே, அதன் மேல் மீன் இழுத்த நீளம். தண்ணீரில் வளைந்து இழுபடும் கயிற்றின் பாரம் தனி. இரண்டு தங்கூசிகள் மேலே குறுக்கே விழுந்த பாரமும் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் அண்ணாச்சி சொன்னது சரி. சேராமலே முள் விரிந்திருந்தால் தூண்டில் நான்கோ ஐந்தோ, அந்த மீன் போயிருக்கும். அறுந்தது முதலா, நிமிர்ந்தது முதலா என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே நொடியில்தான் வருகின்றன.

சில வள்ளங்களில் அடித்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். கயிறு இறுக்கமாகவே நிற்கும், கூட்டமாக வரும் சூரை என்றால் இன்னொன்றும் மாட்டும். அப்புறம் மீன் இருக்கும் பக்கத்து மூலையை முதலில் சுற்றி ஏற்றி, பிறகு அதே பக்கத்து வெளி ராடு. ராடை உருவவே மாட்டார்கள், குழாயிலேயே நிற்கும். இதற்குக் குழாய் தாங்க வேண்டும். பிவிசி என்றால் வெட்டி இழுக்கும்போது உடையும். ஒன்றரை அங்குல ஜிஐ குழாய், அடியில் குறுக்கே ஒரு போல்ட், ராடின் அடிப்பள்ளம் அதில் உட்கார்ந்தால் சுழலாது. ரீலிலிருந்து வள்ளத்துக்கு ஒரு கயிறும் கட்டிவிட வேண்டும். எங்கள் வள்ளத்தில் இவை எல்லாமே இருந்தன. ராடைக் குழாயிலேயே விட்டு, ஓடிக்கொண்டே வலப்பக்கத்தை ஏற்றியிருக்க முடியும். ஆனால் கனமான மீன் இழுக்கும்போது ராடைத் தொடாமல் பக்கத்து ரீலைச் சுற்று என்று சொன்னால் எந்தக் கை கேட்கும்?

இப்போது இருவர் மட்டும் போனால் நான்குதான் போடுகிறோம். ஆனால் அண்ணாச்சி சொன்ன நான்கு இல்லை இது. நடு இருக்கிறது, வலது பக்கத்து வெளி ராடு இல்லை. ஒரு பக்கம் திறந்திருந்தால் மீன் அடித்ததும் வள்ளத்தை வலது பக்கம் மெல்லத் திருப்பி, மீனைக் காலியான வலப்பக்கம் கொண்டுவந்துவிடலாம் என்பது என் எண்ணம். திருப்பத்தில் வலது மூலை தொய்யும், இடப்பக்கத்து இரண்டும் குறுக்கே வரும் என்பது இதிலுள்ள ஓட்டை. மீன் இடப்பக்கமே ஓடினால் இந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை. நடு ராடின் கடைசி 15 மீட்டருக்கு, தடித்த தங்கூசியை பிரெய்டோடு முடிந்திருக்கிறோம். வள்ளத்துக்குக் கிட்டே வந்த பிறகு குறுக்கே உரசினால் அந்த நீளம் அறுக்காது. தூரத்தில் உரசினால் இன்னும் அறுக்கும். டிராக் 4 கிலோ, முள் ஒரு அளவு தடிப்பானது.

"நாலு" என்றார் அண்ணாச்சி, முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு. பிறகு நடு ராடைக் காட்டி, "ஆனா அது இன்னும் அங்கதான இருக்கு" என்றார்.

"கடிக்கிறது அதுலதான அண்ணாச்சி."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர்.