ஃப்ரீட்ரிக்ஸ்பெர்க் முகங்களும் எங்கள் வார்டு கேஸ் ஷீட்டும்

மனநல வார்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்தால் ஆட்களை வாக்கியமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நாலு வரி எழுதியாக வேண்டும். தூங்கினாரா, சாப்பிட்டாரா, மாத்திரையை மறுக்காமல் வாங்கிக்கொண்டாரா, யாரோடாவது பேசினாரா. ஜெர்மனியில் இந்த எழுத்து வேலை ரொம்பக் கறார். ஒருவரைக் கட்டிலோடு வார் போட்டுக் கட்டவேண்டிய நிலை வந்து, அது அரைமணி நேரத்துக்கு மேல் நீளுமானால் நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் இருந்தார் என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு கறார் எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் இந்த நாட்டின் வரலாற்றில் இருக்கிறது. எனக்கு அது ஒரு ஓவியர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எல்ஃப்ரீடே லோசெ-வெஷ்ட்லர். எங்கள் பயிற்சி வகுப்பில் அவர் வரைந்த பேஸ்டல் முகங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டினார்கள். வரைந்தவர் ஒரு மனநல விடுதியின் நோயாளி. வரையப்பட்டவர்கள் அவரோடு அங்கே இருந்த பெண்கள்.

அது 1929ஆம் வருடத்தின் தொடக்கம். இடம் ஹாம்பர்க் நகரின் ஃப்ரீட்ரிக்ஸ்பெர்க் மனநல மருத்துவமனை. பணக் கஷ்டம், உடைந்துபோன திருமணம், தனிமை எல்லாம் சேர்ந்து எல்ஃப்ரீடே நிலைகுலைந்து அங்கே சேர்க்கப்பட்டார். சுமார் இரண்டு மாதம் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் பென்சிலிலும் பேஸ்டலிலுமாக அறுபது படங்கள் போல வரைந்து தள்ளினார். சிலவற்றில் முகம் மட்டும், சிலவற்றில் உடம்பும். 'ஃப்ரீட்ரிக்ஸ்பெர்க் தலைகள்' என்று அந்த வரிசைக்குப் பெயர். வெளியே வந்த கொஞ்ச நாளில், அதே வருடம் மே மாதம், ஹாம்பர்க்கில் ஒரு கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. நல்ல பெயரும் கிடைத்தது.

படங்களைப் பார்த்தபோது என் மனசில் முதலில் ஓடியது கலை அல்ல, வார்டுதான். ஏன் பேஸ்டல் என்பது எனக்கு உடனே புரிந்தது. நிறத் தூளோடு துளி பசை சேர்த்துக் குச்சியாக உருட்டியதுதான் பேஸ்டல். டர்பன்டைன் வேண்டாம், தண்ணீர் வைக்கக் கண்ணாடி ஜாடி வேண்டாம், காயும்வரை ஸ்டாண்டில் நிறுத்திவைக்க வேண்டாம். மூடிய வார்டில் கண்ணாடி என்றாலே எங்களுக்குத் தலைவலி. மடியில் ஒரு அட்டை, அதன்மேல் தாள், கையில் நாலைந்து குச்சி இருந்தால் போதும். எதிரே இருப்பவர் எழுந்து போய்விடும் முன் முகத்தைப் பிடித்துவிடலாம். விரலால் தேய்த்தால் நிழல் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 1929இல் இன்று நாங்கள் கொடுக்கும் மருந்துகள் எதுவும் கிடையாது. மனநோய்க்கான முதல் நவீன மருந்து 1950களில்தான் வந்தது. அதுவரை சிகிச்சை என்றால் பெரும்பாலும் கட்டிலில் படுக்கவைப்பது, மணிக்கணக்காக வெந்நீர்த் தொட்டியில் வைத்திருப்பது, தூக்க மருந்து. பகலெல்லாம் ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். யாருக்கும் முகத்தை ஒளித்துக்கொள்ள இடமில்லை. வரைகிறவரும் அந்தக் கட்டில்களில் ஒன்றில் இருந்து எழுந்து வந்தவர். நான் வார்டில் நின்றால் என் பார்வை மேலிருந்து கீழே போகும். இடுப்பில் சாவிக்கொத்தும் தொங்கும். எல்ஃப்ரீடேயின் படங்களில் அந்தக் கோணம் இல்லை. பரிதாபமும் இல்லை. பரிதாபப்பட்டு வரைந்த நோயாளிப் படங்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது, எனக்கு அவை பிடிப்பதில்லை. இவர் வரைந்த பெண்கள் யாருடைய இரக்கத்துக்காகவும் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த மருத்துவமனையின் தலைவராக அப்போது இருந்தவர் வில்ஹெல்ம் வைகான்ட் என்ற பேராசிரியர். நவீன ஓவியர்களின் படங்களையும் மனநோயாளிகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்கிற தொனியில் 1921இலேயே கட்டுரை எழுதியவர். அவருடைய கூரைக்குக் கீழேயே ஒரு நவீன ஓவியர் நோயாளியாக வந்து இதை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்!

எல்ஃப்ரீடே 1899 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் அன்னா ஃப்ரீடா. கலைத்தொழில் பள்ளியில் முதலில் ஆடை வடிவமைப்புதான் படித்தார், பிறகு வரைகலைக்கு மாறினார். இளவயதில் வீட்டை விட்டு வெளியேறி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பைப் புகைத்துக்கொண்டு, 'நிகோலாஸ்' என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஓட்டோ டிக்ஸ், கொன்ராட் ஃபெலிக்ஸ்முல்லர் போன்ற ஓவியர்கள் நண்பர்கள். பத்திக் துணி வேலை, வாழ்த்து அட்டை, புத்தகப் படம் என்று கிடைத்ததை எல்லாம் செய்து பிழைத்தார். 1921இல் குர்ட் லோசெ என்ற ஓவியரைத் திருமணம் செய்தார். அவர் ஓபரா பாடகரும்கூட. அந்தக் கல்யாணத்தால் எல்ஃப்ரீடேக்கு நிம்மதி கிடைத்ததாகத் தெரியவில்லை. 1925இல் ஹாம்பர்க் வந்தார்கள், சீக்கிரமே பிரிந்தார்கள். ஃப்ரீட்ரிக்ஸ்பெர்க்கில் இருந்து வந்த பிறகான இரண்டு வருடம்தான் அவருடைய உச்சம். துறைமுகம், மதுக்கடைகள், பாலியல் தொழில் செய்த பெண்கள், தொழிலாளிகள், அப்புறம் கொஞ்சமும் ஒப்பனை இல்லாத தன் முகம். படங்கள் வந்தன, காசு வரவில்லை. 1931இல் வேறு வழியின்றி டிரெஸ்டனுக்கு, பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார்.

1932 ஜூனில் அப்பாவே அவரை ஆர்ன்ஸ்டோர்ஃப் மனநல விடுதியில் சேர்த்தார். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று எழுதினார்கள். முதல் சில வருடங்கள் அங்கேயும் வரைந்துகொண்டுதான் இருந்தார். இதற்குள் ஹிட்லர் ஆட்சி வந்தாயிற்று. பரம்பரை நோயைத் தடுப்பதாகச் சொல்லி 1933 ஜூலையில் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி கருத்தடை செய்யப்பட்டவர்கள் ஏறக்குறைய 4,00,000 பேர். எல்ஃப்ரீடேக்கு 1935 மே மாதம் விவாகரத்து ஆனது, டிசம்பரில் கட்டாயக் கருத்தடை அறுவை நடந்தது. அதன் பிறகு அவர் வரைவதை விட்டுவிட்டார். 1937இல் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய படங்களையும் சீரழிந்த கலை என்று சொல்லி எடுத்துப் போனார்கள்.

இனிமேல் வருவதுதான் என் வேலையோடு நேராகத் தொடர்புடையது. 1939 அக்டோபரில் ஜெர்மனியின் மனநல விடுதிகளுக்கு உள்துறை அமைச்சகத்தில் இருந்து ஒரு படிவம் வந்தது. ஆளுக்கு ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, நோய், எத்தனை வருடமாக விடுதியில், என்ன வேலை செய்கிறார், பார்க்க யாராவது தவறாமல் வருகிறார்களா. பூர்த்தி செய்தவர்கள் பலருக்கு அது எதற்கு என்று தெரியாது. தாள்களின் பிரதிகள் மூன்று மருத்துவர்களுக்குப் போகும். நோயாளியை அவர்கள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. தாளின் கீழே ஒரு கட்டம். அதில் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். அப்புறம் சாம்பல் நிறப் பேருந்துகள் வரும். கூடவே ஏறிப் போனவர்களில் நர்ஸ்களும் உண்டு. எங்கள் தொழில்தான்.

ஆர்ன்ஸ்டோர்ஃபில் இருந்து எல்ஃப்ரீடேயை ஏற்றிக்கொண்டு போன இடம், எல்பே ஆற்றுக்கு மேலே பிர்னா ஊரில் உள்ள சோனன்ஷ்டைன் கோட்டை. 1811இல் மனநோயாளிகளை மனிதர்களாக நடத்துவதற்கென்றே திறக்கப்பட்டு, ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய விடுதி அது. 1940இல் அதன் நிலவறையில் விஷவாயு அறை கட்டினார்கள். ஜூலை 31 அன்று அவர் அங்கே கொல்லப்பட்டார். வயது 40. சான்றிதழில் நிமோனியா, இதயத் தசை பலவீனம் என்று எழுதி அனுப்பினார்கள். கொலைக்குக்கூட ஒழுங்காக ஒரு கேஸ் ஷீட்.

எங்கள் பயிற்சியில் சோனன்ஷ்டைன் நினைவிடத்துக்கும் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும் ரயிலில், திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, அவங்களுக்கு நிஜமாவே வியாதி இருந்துச்சா, இல்ல சும்மா பிடிச்சுப் போட்டுட்டாங்களா?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், ஜெர்மன்காரர்களும் கேட்கிறார்கள். வறுமையும் தனிமையும் யாரையும் உடைக்கும், ஒரு பெண் பைப் புகைத்தால் அந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள் என்றெல்லாம் வாதிடலாம். நான் வாதிடப் போவதில்லை. "இருந்திருந்தா கொன்னது சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்குச் சட்டென்று முகம் மாறிவிட்டது. அவள் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

இதே மாதிரி என்னை உறுத்தும் இன்னொரு பேச்சு, 'எவ்வளவு பெரிய கலைஞரை இழந்துவிட்டோம்' என்பது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளின் பயனை வைத்து இழப்பை அளப்பது அந்தப் படிவத்தின் புத்தி. என்ன வேலை செய்கிறார் என்று அதிலே தனியாக ஒரு வரி வைத்துக் கேட்டார்களே, அதே புத்தி. சோனன்ஷ்டைனில் 1940இலும் 1941இலும் சேர்த்து 13,720 நோயாளிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு தாளைக்கூட நிறம் தீட்டாதவர்கள்தான் அதில் பெரும்பாலானோர். உருளைக்கிழங்கு உரித்தவர்கள், ஒன்றுமே செய்ய முடியாமல் படுத்துக் கிடந்தவர்கள்.

எங்கள் வார்டின் மூத்த நர்ஸ் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்படியென்றால் மற்ற 13,719 பேரை விட்டுவிட்டு இவரைப் பற்றியே ஏன் பேசிக்கொண்டிருக்கிறாய் என்றார். நியாயமான கேள்வி. இவருடையது நம்மிடம் இருக்கிறது, அதனால்தான். தம்பி ஹூபர்ட் படங்களைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1989 வாக்கில் அவை மறுபடி பொதுப் பார்வைக்கு வரத் தொடங்கின. மற்றவர்களில் பலருக்கு மிஞ்சியது அவர்களுடைய மருத்துவமனைக் கோப்பு மட்டும்தான். அதுவும் எல்லோருக்கும் இல்லை. அந்தத் திட்டத்தில் நாடு முழுக்கக் கொல்லப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். அவர்களில் சுமார் 30,000 பேரின் கோப்புகள் கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையின் கிடங்கில் இருந்து 1990களின் தொடக்கத்தில் வெளிவந்து, இப்போது மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தா எப்படி இருந்தார், பெரியம்மா எப்படிப் பேசுவாள் என்று தேடிக்கொண்டு குடும்பங்கள் இன்றும் அங்கே எழுதிக் கேட்கின்றன. அவர்களுக்குக் கிடைப்பது டாக்டர்களும் நர்ஸ்களும் எழுதி வைத்த நாலு வரிகள்.