ரிஃப்ரெஷ் செய்தும் பழைய பக்கமே வருகிறதா?

ஏப்ரலில் சிங்கப்பூரின் தமிழ் மொழி விழா நெருங்கும்போது, சங்க இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் வழக்கமான செய்தி: “அண்ணே, இடம் மாறிடுச்சுன்னு சொன்னீங்க, எனக்கு இன்னும் பழைய சிசிதான் (சமூக மன்றம்) காட்டுது.” “கேஷை அழிச்சுட்டுப் பாருங்க”, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகல்களை நீக்குங்கள் என்று பதில் போடுவது சுலபம். நாங்கள் அதைச் சொல்வதில்லை. நிகழ்ச்சி நேரம் பார்க்க வந்தவர் குக்கீகளையும் சேர்த்து அழித்துவிட்டு, எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்துகொண்டிருப்பார். அடுத்தவருக்கோ அதே பழைய பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கும். பழைய நகல் எங்கே தங்கியிருக்கிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும்.

குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறங்கள். ‘டிசேபிள் கேஷ்’ பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிக் இருக்கும்வரை உங்களுக்கு எல்லாம் புதிதாகத்தான் தெரியும், பார்வையாளர் படும் பாடு தெரியாது. பிறகு புது டேபில் முகவரியை அடித்துத் திறந்து, ‘சைஸ்’ பத்தியைப் பாருங்கள். ‘டிஸ்க் கேஷ்’ என்றோ ‘மெமரி கேஷ்’ என்றோ இருந்தால், பிரவுசர் சர்வரைக் கேட்கவே இல்லை. ‘ஸ்டேட்டஸ்’ பத்தியில் 304 இருந்தால், தன்னிடம் உள்ள நகலின் ஈடேக்கையோ (பதிப்பு அடையாளம்) திருத்திய நேரத்தையோ அனுப்பிப் பிரவுசர் கேட்டிருக்கிறது, “அதுவே போதும், மாற்றமில்லை” என்று பதிலும் வந்திருக்கிறது. 304 வந்தும் பக்கம் பழையதென்றால் பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்வரிடமோ, அதன் நகல்களைப் பல ஊர்களில் வைத்து வழங்கும் இடைச் சேவையான சிடிஎன்னிடமோதான் பழையது இருக்கிறது.

நிகழ்ச்சி விவரம் புதிதாகவும் போஸ்டர் பழையதாகவும் தெரிவதுதான் அதிகம் வரும் புகார். இதற்குக் காரணம் எஃப்5. 2017 முதல் குரோமில் சாதாரண ரிஃப்ரெஷ், பக்கத்தை மட்டும்தான் சர்வரிடம் சரிபார்க்கிறது. காலாவதி ஆகாத படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் கேட்காமலே கேஷிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் (சஃபாரியில் கமாண்ட், ஆப்ஷன், ஆர்) எல்லாம் புதிதாக வரும். அதிலும் ஓர் ஓட்டை உண்டு: பக்கம் ஏறி முடிந்தபின் ஸ்கிரிப்ட் கொண்டுவரும் படம் கேஷிலிருந்தே வரலாம். எஃப்12 திறந்திருக்கும்போது ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் மூன்றாவது தேர்வு, கேஷைக் காலி செய்துவிட்டு ஏற்றும். ஆனால் வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டிக் கைப்பேசியில் வருகிறவரிடம் இந்த விசைகள் ஏது? சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு வரிகளை, அதாவது ஹெடரைத்தான் திருத்தியாக வேண்டும்.

நிகழ்ச்சிப் பக்கத்துக்கு ‘கேஷ்-கண்ட்ரோல்: நோ-கேஷ்’ போதும். நகலை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே காட்ட வேண்டும் என்பது அதன் கட்டளை. வைத்துக்கொள்ளவே கூடாதென்றால் ‘நோ-ஸ்டோர்’. உறுப்பினர் விவரம் காட்டும் பக்கங்களுக்கு அது. படங்களுக்கும் ஸ்கிரிப்டுகளுக்கும் மேக்ஸ்-ஏஜ் (நகல் செல்லுபடியாகும் காலம், நொடிகளில்) 31536000, அதாவது ஓராண்டு, தாராளமாகத் தரலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பின் பெயர் மாறினால் போதும். போஸ்டர்-1 போய் போஸ்டர்-2 வரட்டும். அதே பெயரில் மேலே ஏற்றுவதுதான் பாதித் தொல்லைக்கு வேர்.

கேஷ்-கண்ட்ரோலே இல்லாத தளங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே பிரவுசர் தானே கணக்குப் போடும்: கடைசியாகத் திருத்தியதிலிருந்து கழிந்த காலத்தில் பொதுவாக 10 விழுக்காடு. 100 நாள் கைவைக்காத பக்கத்தை இன்று ஒருவர் பார்த்தால், அடுத்த 10 நாளுக்கு அவருடைய பிரவுசர் கேட்காமலே அதைக் காட்டலாம். ஆண்டுக்கொரு முறை தீபாவளிக்கு மட்டும் திருத்தப்படும் தளங்கள் இதில்தான் வசமாக மாட்டுகின்றன. ஹெடரில் உள்ள நேரம் ஜிஎம்டி என்பதையும் கவனியுங்கள். 02:15 என்றிருந்தால் சிங்கப்பூரில் காலை 10:15. எட்டு மணி நேரப் பழசு என்று பதற வேண்டாம்.

அடுத்தது சிடிஎன். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் சேவை வழியாக வரும் பதிலில் ‘சிஎஃப்-ரே’ வரியின் கடைசியில் சாங்கி விமான நிலையக் குறியீடான எஸ்ஐஎன் இருந்தால் சிங்கப்பூர் முனையிலிருந்து வந்திருக்கிறது. ‘சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ்’ ஹிட் (சிடிஎன் நகலிலிருந்து வந்தது) என்றும் ‘ஏஜ்’ 5400 (நொடி) என்றும் இருந்தால், அந்த நகல் ஒன்றரை மணி நேரமாக அங்கே கிடக்கிறது. அந்த முகவரியின் நகலை மட்டும் பர்ஜ் செய்யுங்கள், அதாவது சிடிஎன்னிலிருந்து நீக்குங்கள். தளம் முழுவதையும் காலி செய்யத் தேவையில்லை. பர்ஜ் செய்தாலும், ஏற்கெனவே பிரவுசர்களுக்குப் போய்விட்ட நகல்களைத் திரும்பப் பெற முடியாது. கிளவுட்ஃப்ளேர் அமைப்பில் ‘பிரவுசர் கேஷ் டிடிஎல்’ (பிரவுசர் நகலை வைத்திருக்கும் காலம்) இயல்பாக 4 மணி நேரம் என்றிருக்கும், நீங்கள் தந்த குறைவான மேக்ஸ்-ஏஜை அது மீறிவிடும். சர்வர் ஹெடரையே மதிக்கும்படி மாற்றுங்கள். முகவரியின் முடிவில் கேள்விக்குறி போட்டு ஏதாவது சேர்த்துத் திறந்து, “எனக்குப் புதுசு வருதே” என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வேறு முகவரியாகவே கணக்காகும், மூல சர்வர் சரி என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்காது.

‘சைஸ்’ பத்தியில் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்று வந்தால் கதையே வேறு. அது தளம் பிரவுசரில் நிறுவும் ஸ்கிரிப்ட், தன்னிடமுள்ள நகல்களைத் தானே எடுத்துத் தரக்கூடியது. புதிய வொர்க்கர் இறங்கியிருந்தாலும், அந்தத் தளத்தின் எல்லா டேபுகளும் மூடப்படும்வரை பழையதுதான் ஆட்சி செய்யும். வெறும் ரிஃப்ரெஷ் அதை அகற்றாது. சோதிக்கும்போது ‘அப்ளிகேஷன்’ பகுதியில் ‘அப்டேட் ஆன் ரீலோட்’ டிக் செய்யுங்கள், நிரந்தரத் தீர்வுக்கு, புதியதைக் காத்திருக்காமல் பொறுப்பேற்க வைக்கும் ‘ஸ்கிப்வெயிட்டிங்’ கட்டளையை வொர்க்கரில் சேருங்கள். பின்செல் பொத்தானில் திரும்பி வருபவருக்கு மீதி இருக்கை எண்ணிக்கை பழையதாகத் தெரிந்தால், பிரவுசர் பக்கத்தை முழுசாக நினைவில் வைத்திருந்து திருப்பித் தந்திருக்கிறது. பக்கம் திரைக்கு வரும்போது ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் ‘பெர்சிஸ்டட்’ உண்மை என்றால் எண்ணிக்கையை மட்டும் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

பதிவுப் படிவத்தில் ரிஃப்ரெஷ் செய்து இரண்டு முறை பதிவானால், சமர்ப்பித்த கையோடு 303 அனுப்பி வேறு பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். பழைய நிகழ்ச்சி முகவரியைப் புதியதற்குத் திருப்பும்போது 301 (நிரந்தரத் திருப்பம்) வேண்டாம்; பிரவுசர் அதை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு உங்கள் மனம் மாறினாலும் அந்தப் பார்வையாளரை மீட்க முடியாது. விழா முடியும்வரை 302 (தற்காலிகத் திருப்பம்) போதும்.