2:08-லிருந்து 2 மணிக்குள்: சேலத்து ரோட்டில் ஒரு ஹாஃப் மாரத்தான் கணக்கு

போன தடவை 2 மணி 8 நிமிடம், இந்தத் தடவை 2 மணிக்குள் முடிக்கணும். ஹாஃப் மாரத்தான் ஓடுகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் ஆசை இது. எட்டு நிமிடம் என்று மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். 21.0975 கிலோமீட்டருக்குப் பிரித்துப் போட்டால் 2:08 என்பது கிலோமீட்டருக்கு 6:04, அதாவது 6 நிமிடம் 4 விநாடி; 2 மணி என்பது 5:41. கிலோமீட்டருக்கு 23 விநாடி குறைந்தால் போதும்.

ஆனால் ஜிபிஎஸ் வாட்ச்சில் 5:41 பார்த்துக்கொண்டே ஓடினால் 2 மணி தாண்டிவிடும். பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உள் ஓரத்தை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் அளப்பார்கள். நாம் அப்படியா ஓடுகிறோம்? முன்னால் போகிறவரைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவை அகலமாக எடுத்து ஓடுவதில் முடியும்போது வாட்ச் 21.3 காட்டும். அந்தக் கூடுதல் 200 மீட்டருக்கு மட்டுமே ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதனால் வாட்ச்சில் வைக்க வேண்டிய வேகம் 5:37. அப்படி ஓடினால் 21.3 கிலோமீட்டர் 1:59:38-ல் முடியும்.

இந்த இலக்கு உங்களுக்கு எட்டுமா என்று பார்க்க, பந்தயத்துக்கு நாலு வாரம் முன்பு ஒரு 10 கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடிப் பாருங்கள். அந்த நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் ஹாஃப் மாரத்தான் நேரம் கிட்டத்தட்ட வரும். 54 நிமிடத்தில் முடித்தால் 2 மணிக்கு வாய்ப்பு உண்டு. 57 ஆகிறது என்றால் இந்தத் தடவை 2:05-ஐக் குறிவையுங்கள். அதுவும் மூன்று நிமிட முன்னேற்றம்தான், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இந்த 10 கிலோமீட்டரை அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடிவாரம் வரைக்கும் ரோடு கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். போகும்போது கால் கனக்கும், திரும்பும்போது இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். திரும்பி வரும் பாதியின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஃபார்ம் வந்துடுச்சு’ என்று நம்பினால் சமதரைப் பந்தயத்தில் ஏமாற்றம்தான். போக வர மொத்த நேரத்தைப் பாருங்கள்.

பயிற்சிக்கு 12 வாரம், வாரம் நாலு நாள் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்தாவது நாள் பெரும்பாலும் காயத்தைத்தான் கொண்டுவரும். ஒரு நாள் இன்டர்வெல், அதாவது விட்டு விட்டு வேகமாக ஓடுவது: 1000 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 5:05, நடுவில் இரண்டரை நிமிடம் மெதுவான ஓட்டம். 400 மீட்டர் டிராக்கில் சுற்றுக்கு 2:02. முதல் சுற்றை 1:50-ல் அடித்துவிட்டு நாலாவது தடவை தவழ்கிறவர்கள்தான் அதிகம். ஐந்தும் ஒரே நேரத்தில் வந்தால்தான் அந்தப் பயிற்சிக்குப் பலன். இன்னொரு நாள் டெம்போ, அதாவது நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடுவது: 5:30 வேகத்தில் 20 நிமிடம், பழகப் பழக 30 வரை. மூன்றாவது நாள் 6:45-லிருந்து 7:15-க்குள் சாவகாசமாக 8 கிலோமீட்டர். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஞாயிறு நீண்ட ஓட்டம், 12-ல் தொடங்கி 18 வரை. எட்டாவது வாரத்திலிருந்து அதன் கடைசி 4 கிலோமீட்டரை 5:37-ல் ஓடுங்கள். களைத்த காலுக்குப் பந்தய வேகம் பழக வேண்டுமே. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 20 கிலோமீட்டர் ஓடினேன் என்று சொல்லிக்கொள்வதைவிட, கடைசி நாலும் சரியாக விழுந்த 16 கிலோமீட்டர் மேல்.

இனி மலை. சேலத்துக்காரர்களுக்கு இப்படி ஒரு ஜிம் வாசலிலேயே கிடைத்திருக்கிறது. பாதிப் பேர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஏற்றம். அந்தச் சரிவில் உடம்பு சமதரையைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம் உழைக்கிறது. கீழே 5:40 ஓடும் அதே உழைப்புக்கு இங்கே 7:20 காட்டினால் சரியாகத்தான் ஓடுகிறீர்கள். வேகத்தை விரட்டினால் மூன்றாவது வளைவிலேயே இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டியதுதான்.

அதனால் மலையில் வாட்ச்சின் வேகத்தைப் பார்க்காதீர்கள். பாறைச் சரிவும் மரமும் சிக்னலை மறைக்கும், கொண்டை ஊசியில் ஜிபிஎஸ் குறுக்கே வெட்டும்; அது காட்டும் எண்ணே பாதி பொய். நேரக் கணக்கு வையுங்கள்: அடிவாரத்திலிருந்து 25 நிமிடம் மேலே, மூச்சு பலமாக, ஆனால் ஒரே சீராக. அடி சின்னதாக, முன்சாய்வு கணுக்காலிலிருந்து. இடுப்பை மடித்துக் குனிந்தால் மூச்சு அடைபடும். வளைவில் உள் ஓரம் குட்டை, ஆனால் செங்குத்து. வண்டி வராதபோது வெளி வட்டத்தை எடுத்தால் கெண்டைக்கால் பிழைக்கும். பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதற்குத்தான் என்று வைத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். காதில் இயர்போன் கூடாது. கையில் வாழைப்பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் குரங்குகளுக்கு நீங்கள்தான் காலை டிபன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் காலை அடிக்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதில் நுண்ணிய கிழிசல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் படியில் இறங்கும்போதுதான் தெரியும். முதல் மூன்று வாரம் இறக்கத்தை நடந்தே வாருங்கள், அப்புறம் மெல்ல ஓடலாம். பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் மலை வேண்டாம்.

ஏற்காட்டிலேயே, ஏரியைச் சுற்றியோ லூப் ரோட்டிலோ ஓடிய நேரத்தைக் கீழே ஓடியதோடு ஒப்பிடாதீர்கள். குளிர்ச்சி உதவும், மேடு பள்ளமும் மெலிந்த காற்றும் அந்த உதவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

முந்தின ராத்திரி சாப்பாட்டுக்கு நம்ம ஊர் ஜவ்வரிசி உப்புமாவை மிஞ்ச ஒன்றும் கிடையாது. மரவள்ளி மாவுச்சத்துதானே, நார் இல்லை, வயிற்றில் தங்காது. வேர்க்கடலையைக் குறைத்துப் போடுங்கள். தட்டுவடை செட்டைப் பந்தயம் முடிந்த சாயங்காலத்துக்கு ஒத்திவையுங்கள். சட்னிக் காரமும் துருவிய பீட்ரூட்டும் விடிகாலையில் கழிப்பறை வரிசையில் நிற்க வைக்கும். காலையில் இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம்.

ஓடும்போது மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து தேவை. 40-வது நிமிடத்தில் ஒரு ஜெல் (பாக்கெட்டில் வரும் மாவுச்சத்துக் கூழ்), 80-வதில் இன்னொன்று, கூடவே இரண்டு மடக்குத் தண்ணீர். ஜெல் விலை கட்டுப்படியாகாது என்றால் கொட்டை நீக்கிய பேரீச்சை மூன்று. கடலை மிட்டாய் கூடாது. ஓட்டத்தில் மெல்ல முடியாது, பொடி தொண்டையில் ஏறும். எதுவானாலும் ஞாயிறு ஓட்டத்தில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் கரைசல் அடர்த்தியாகி வயிறு புரளும்.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தை அல்ல: முதல் வாரம் வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பந்தய வாரம் பாதிக்கும் கீழ். ஷூ குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடியதாக இருக்கட்டும்.

பந்தயத்தன்று முதல் மூன்று கிலோமீட்டர் 5:42. எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். அங்கே 5:20 அடித்துச் சேர்க்கும் ஒரு நிமிடத்தைக் கடைசி ஐந்தில் கந்துவட்டியோடு கட்ட வேண்டிவரும். நாலிலிருந்து பதினைந்து வரை 5:37. வாட்ச்சில் 15 விழும்போது 1:24:30 இருக்க வேண்டும். அதற்கப்புறம் 5:35 பிடித்தால் 1:59:40-ல் முடியும். பதினாறிலிருந்து பத்தொன்பது வரைதான் வேகம் தெரியாமல் நழுவும் இடம், வலி வருவதற்கு முன்பே அடி நீளம் சுருங்கிவிடும். கையை வேகமாக வீசினால் கால் பின்னாலேயே வரும்.

முடிவுக் கோட்டில் வாட்ச்சை நிறுத்தக் குனிந்துகொண்டே போகாதீர்கள், நேரம் பதியும் பாயைத் தாண்டி நாலு அடி ஓடிவிட்டு அமுக்குங்கள். ரிசல்ட்டில் பார்க்க வேண்டியது சிப் டைம், அதாவது நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணும் நேரம். தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணும் நேரத்தில் 2:00:40 என்றிருந்தாலும், தொடக்கக் கோட்டை ஒரு நிமிடம் தாமதமாகத் தாண்டியிருந்தால் உங்கள் நேரம் 1:59:40.