கோயில் இருக்கா தம்பி?

உல்லாசக் கப்பலின் டூர் டெஸ்க்கில், இறங்கும் ஊர்களில் சுற்றிப் பார்க்க டிக்கெட் விற்பது என் வேலை. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் இறங்கி என்ன செய்யலாம் என்று ஏழு மாதத்தில் என்னிடம் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. அத்தனை பேருக்கும் சொன்ன பதில்களில், ஒரு வயதான அம்மாவுக்குச் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறது. மூன்றே சொல். "கோயிலெல்லாம் இல்லம்மா. பீச்சுதான்."

ஜூலை மாதம். மறுநாள் காலை கொசுமெல். டூர் டெஸ்க்குக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து பேர் நின்றார்கள். அந்தம்மாவின் மகன் முதல் நாளே வந்து ஐந்து பேருக்கு பீச் கிளப் பாஸ் எடுத்துவிட்டுப் போயிருந்தார். நிழற்குடை, சாய்வு நாற்காலி, சாப்பாடு, குடிப்பதற்கு எல்லாம் சேர்த்து ஒரே காசு. "அம்மாவுக்கு முட்டி வலி, நடக்கிற மாதிரி எதுவும் வேண்டாம்" என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் அந்தம்மா தனியாக வரிசையில் நின்று என் முன்னால் வந்தபோது, அவர்கள் நாளை எங்கே போகப் போகிறார்கள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"தம்பி, நாளைக்கு எறங்கப்போற ஊர்ல கோயில் ஏதாவது இருக்கா?"

சொன்னேன். "சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அடுத்து நின்றவர் ஸ்நார்கெலிங் பற்றி, அதாவது மூச்சுக்குழாய் வைத்து நீந்திக் கடலடியைப் பார்ப்பது பற்றி, கேட்டார். அவருக்குப் பலன்கார் பவளப்பாறை, எல் சியெலோவின் நட்சத்திர மீன்கள், படகு எத்தனை மணிக்கு, நீச்சல் தெரியாதவர் போகலாமா என்று ஏழெட்டு நிமிஷம் விளக்கினேன். அந்தம்மாவுக்குக் கொடுத்தது பத்து விநாடி இருக்குமா?

கொசுமெலைவிட்டுக் கிளம்பின அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல், டெஸ்க்கை மூடப்போகும் நேரத்தில் மறுபடி வந்தார். பேத்தி கூட இருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிக்கிறாளாம். பீச்சில் தேங்காய் வெட்டிக் கொடுத்தவரிடம் பாட்டி சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"கோயில் இருக்காமே தம்பி. பொம்பள சாமியாமே."

எனக்கு ஒரு கணம் முகம் சூடாகிவிட்டது. "அது கும்பிடுற கோயில் இல்லம்மா. ரொம்பப் பழசு. எல்லாம் இடிஞ்சு கெடக்கு" என்றேன்.

"இடிஞ்சா கோயில் இல்லேன்னு ஆயிடுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு அந்த இடம் தெரியாதா என்றால், தெரியும். சான் ஹெர்வாசியோ. தீவின் நடுவில், வடக்கே தள்ளி, காட்டுக்குள் இருக்கும் பழைய ஊர், அந்தப் பகுதியின் பழங்குடிகளான மாயா மக்களுடையது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வழிபட அங்கே ஆட்கள் வந்தார்கள். பிள்ளைப்பேறு, மருத்துவம், நெசவு இதற்கெல்லாம் அவள்தான். எங்கள் டெஸ்க்கில் இருந்த துண்டுத்தாளிலேயே அது இருந்தது. பீச் கிளப், கண்ணாடித்தளப் படகு, கிழக்குக் கரைக்கு ஜீப், டெக்கீலா ருசி பார்ப்பது, இதற்கெல்லாம் அப்புறம் கடைசியில் "மாயா இடிபாடுகள்". பக்கத்தில் ஒரு ஷூ படம், நடை கொஞ்சம் உண்டு என்று அர்த்தம். வாரத்துக்கு நான்கைந்து டிக்கெட்டாவது நானே விற்றிருப்பேன்.

அப்படியிருக்க ஏன் இல்லை என்றேன்?

பல நாள் யோசித்து எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் இது. அவர் "இடிபாடு" என்று கேட்கவில்லை, "கோயில்" என்று கேட்டார். டெஸ்க்கில் நாள் முழுக்க ஆங்கிலம். மாயா என்ற பெயரை எடுத்தாலே எனக்கு மனப்பாடமாகக் கொட்டும். ஆனால் தமிழில் ஒருவர் "கோயில் இருக்கா" என்றால் எனக்குள் வருவது வேறு. விளக்கு, மணி, திருநீறு, செருப்பு விடும் இடம். அப்படி ஒன்று கொசுமெலில் இல்லைதானே? கேட்ட கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னேன்.

இது பாதி உண்மை என்று நினைக்கிறேன். மீதிப் பாதியில், வரிசை நீளமாக இருந்தது. மகன் காசு கட்டிவிட்டார். மாற்றினால் பீச் கிளப்பை ரத்து செய்ய வேண்டும், உள்ளூர் ஏஜென்ட்டுக்குச் சொல்ல வேண்டும், மகன் வந்து "அம்மாகிட்ட ஏன் இதையெல்லாம் சொன்னீங்க" என்று கேட்பார். இவ்வளவும் அந்தப் பத்து விநாடியில் என் தலைக்குள் ஓடியதா, அல்லது பிறகு நான் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் "கோயில்" என்ற சொல் காதில் விழுந்த அடுத்த கணமே இல்லை என்ற பதில் தயாராக இருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஜூலை வெயில் அங்கே எப்படி என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டூரில் போகாமல் தாங்களாகப் போவதென்றால் டாக்ஸி. கட்டணம் துறைமுகத்திலேயே பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், நாலு பேர் வரைக்கும் ஒரே வாடகை. ஏமாற்று இல்லை. ஆனால் அதை நான் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கப்பல் விற்காததை டெஸ்க்கில் உட்கார்ந்து பரிந்துரைப்பதில்லை என்பது எங்கள் பழக்கம். காசுக்காக மட்டும் இல்லை. கப்பல் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அதோடு நேரக் குழப்பம் வேறு. நாங்கள் மயாமியிலிருந்து போகிறவர்கள், கப்பலில் மயாமி நேரம். கொசுமெல் இருக்கும் குயின்டானா ரூ மாநிலம் 2015-லிருந்து வருஷம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. மயாமியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அதனால் அப்போது தீவு ஒரு மணி நேரம் பின்னால். இறங்கினதும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கைபேசியில் மூன்றரை என்று பார்த்து நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், கப்பலில் நாலரை ஆகி ஏணியை எடுக்கத் தயாராக இருப்பார்கள். கையில் பைகளோடு துறைமுகப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களை மேல் தளத்திலிருந்து கைதட்டி வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. முட்டி வலியோடு ஒரு வயதானவர் அப்படி ஓடி வருவதை நினைத்துப் பாருங்கள்.

ஆக, இல்லை என்று சொன்னது அவருக்கு நல்லதுதான் என்று ஒரு வாரம் நம்பினேன். டூர் பஸ்ஸும் ஜூலையில் நிரம்பித்தான் இருந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவருடைய முட்டிக்காக முடிவெடுக்க நான் யார்? அது இருக்கிறது, இவ்வளவு தூரம், இவ்வளவு வெயில், நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவரே யோசித்திருப்பார். ஒருவேளை அவரே வேண்டாம் என்றிருக்கலாம். அந்த வேண்டாமை அவர் வாயால் சொல்ல விடவில்லை என்பதுதான் உறுத்தல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை முப்பது தடவைக்கு மேல் கொசுமெலில் இறங்கியிருக்கிறேன். போனதெல்லாம் தீவின் ஊரான சான் மிகேலின் கடற்கரைச் சாலையில் வைஃபை கிடைக்கும் கடை, மருந்துக்கடை, செத்ராவி சூப்பர் மார்க்கெட். வீட்டுக்கு வீடியோ கால், இரண்டு டாக்கோ, திரும்பக் கப்பல். நான் பார்க்காத இடங்களைத்தான் நாள் முழுக்க விற்றுக்கொண்டிருந்தேன். எங்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

மூன்று வாரம் கழித்து நான்கு மணி நேரம் ஓய்வு கிடைத்தது. கிச்சனில் வேலை செய்யும் கோவாக்காரர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். தீவின் குறுக்கே போகும் சாலை, அப்புறம் இடப்பக்கம் திரும்பிக் காட்டுப் பாதை. உள்ளே நுழைந்ததும் கொசு. கற்களின் மேல் உடும்பு போன்ற இகுவானாக்கள் அசையாமல் வெயில் காய்ந்தன.

கட்டடங்கள் சிறியவை. படங்களில் பார்க்கிற பெரிய பிரமிடு எதுவும் அங்கே கிடையாது. ஒரு சின்ன வீட்டின் சுவரில் சிவப்பு நிறத்தில் கை அச்சுகள், மங்கலாக. அதனாலேயே அதற்கு "சின்னக் கைகள்" என்று ஸ்பானிஷில் பெயர். குனிந்தால்தான் நுழைய முடியும் என்கிற அளவில் வாசல்கள். மரங்களுக்கு நடுவே வெள்ளைப் பாதை என்று பொருள்படும் சாக்பே, கல் பாவிய பழைய வழி, ஒரு வளைவு வாசலுக்குக் கீழே போகிறது. வழிகாட்டி சொன்னார், பெண்கள் எதிர்க்கரையில் இன்று ஷ்காரெட் பூங்கா இருக்கும் இடத்திலிருந்து மரத்தோணியில் கடலைக் கடந்து வருவார்களாம், வாழ்நாளில் ஒரு முறையாவது. நடுவில் இருக்கும் அந்த நீரிணையின் நீரோட்டத்தைக் கப்பலில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். தோணியில் அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. 1519-ல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தெஸ் தீவுக்கு வந்தபோது தெய்வ உருவங்களை உடைத்துவிட்டு மாதா சுரூபத்தை வைக்கச் செய்தார். நான் தூத்துக்குடிக்காரன். கடல் வழியாக வந்த மாதாவைக் கொண்டாடுகிற ஊர். உடைபட்டவள் பக்கம் நின்று அந்தக் கதையைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

உண்மையைச் சொன்னால், நான் அங்கே போனது இதையெல்லாம் பார்க்க இல்லை. அந்தம்மாவால் நடந்திருக்க முடியுமா என்று பார்க்கத்தான். நடு முற்றம் வரை நடந்திருக்கலாம். தரை சமம், மர நிழலும் உண்டு, கல்லும் வேரும் மட்டும் பார்த்துக் கால் வைக்க வேண்டும். ஆனால் இஷ்செலோடு சேர்த்துச் சொல்லும் அந்த உயரமான கட்டடம் அங்கிருந்து இன்னும் நல்ல தூரம். அதுவரை போயிருப்பாரா? போகும்போது முடியும் என்று தோன்றியது, வெயிலில் திரும்பும்போது முடியாது என்று தோன்றியது. கோவாக்காரர், "யாருக்காகப்பா இப்படி அடி எண்ணுறே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யார் வந்தாலும் சான் ஹெர்வாசியோவைச் சொல்ல ஆரம்பித்தேன். அறுபது வயதுத் தம்பதி ஒன்று, பீச்சுக்குத்தான் கேட்டு வந்தார்கள். நான் பேசிப் பேசி மனசை மாற்றி அனுப்பினேன். கை காலெல்லாம் கொசுக்கடியோடு திரும்பி வந்தார்கள். "வெறும் கல்லைப் பார்க்கவா ஒரு நாளை வீணாக்கினோம்?" என்று கேட்டுவிட்டு, சர்வேயிலும் என் பெயரைப் போட்டு எழுதிவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, அவர்கள் கேட்டதைக் கொடு, உனக்குப் பிடித்ததை விற்காதே என்றார். அதுவும் நியாயம்தான். அந்தம்மா கேட்டார், கொடுக்கவில்லை. இவர்கள் கேட்கவில்லை, திணித்தேன். இரண்டிலும் நான் எதிரில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிவிடுவதும் எளிதாகத்தான் இருக்கிறது. வரிசையில் இருபத்தைந்து பேர் நிற்கும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்து யோசித்துப் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவர் எதற்காகக் கோயில் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. வேண்டுதல் ஏதும் இருந்ததா, அன்றைக்கு ஆடி வெள்ளியா, அல்லது புது ஊருக்குப் போனால் முதலில் கோயிலைப் பார்க்கும் வழக்கமா? எங்கள் அம்மாவும் எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார். அவரிடம் நான் ஒரு நாளும் "பீச்சுதான்" என்று சொன்னதில்லை.

அன்று ராத்திரி அந்தம்மா லிஃப்ட்டில் ஏறிப்போன பிறகு, மூடப்போன கம்ப்யூட்டரை மறுபடி திறந்து அன்றைய பட்டியலைப் பார்த்தேன். சான் ஹெர்வாசியோ அரை நாள் டூர், காலை ஒன்பதரை. பதினோரு இடம் காலியாகப் போயிருந்தது. மறுநாள் சீ டே, எந்தக் கரையிலும் நிற்காமல் கடலிலேயே போகும் நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தோடு அவரைப் பார்த்தேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தப் பதினோரு இடத்தைப் பற்றிச் சொல்லவில்லை.